மாதிரி ஆய்வுகள் தரும் பொதுமுடிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில நூறு பேரிடமோ சில ஆயிரம் பேரிடமோ கேட்டறிந்ததை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கானோரைப் பற்றி ஓர் ஆய்வு முடிவு சொல்கிறது. அந்த முடிவை ஏற்பதா, ஒதுக்குவதா, பாதி மட்டும் நம்புவதா என்பதைப் படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இது தொடர்பாகத் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. ஆய்வில் உண்மையாகவே இடம்பெற்றவர்களை ‘மாதிரி’ என்றும், யாரைப் பற்றி முடிவு சொல்லப்படுகிறதோ அந்த மொத்தத்தை ‘முழுத்தொகுதி’ என்றும் குறிப்பிடுகிறோம்.

சிலரைக் கேட்டுவிட்டு எல்லோரைப் பற்றியும் பேசுவது எப்படி முறையாகும்?

இந்த ஐயம் புதியதன்று. நார்வே நாட்டின் புள்ளியியல் அலுவலகத் தலைவராக இருந்த ஆண்டர்ஸ் கியேர், முழுக் கணக்கெடுப்புக்குப் பதிலாகப் பகுதிக் கணக்கெடுப்பே போதும் என்று 1895ஆம் ஆண்டு பெர்ன் நகரில் கூடிய புள்ளியியலாளர்களிடம் சொன்னபோது, அங்கிருந்தவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. அவருடைய கருத்துக்கு உறுதியான கணித அடித்தளம் கிடைத்தது 1934இல், ஜெர்சி நேமன் எழுதிய கட்டுரையின் மூலம்தான். முழுத்தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதிரியில் இடம்பெறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருந்து, அந்த வாய்ப்பு யாருக்கும் சுழியாக இல்லாமல், தேர்வைக் குலுக்கல் மட்டுமே தீர்மானித்தால், மாதிரியின் விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். குலுக்கலுக்குப் பதிலாக மனிதரின் விருப்பமோ வசதியோ தேர்வைத் தீர்மானித்திருந்தால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இதற்குப் பின் வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிபந்தனை எங்கெங்கே மீறப்படுகிறது என்பதைப் பற்றியவைதாம்.

ஆயிரம் பேர் போதுமா? நாடு பெரிதாக இருந்தால் மாதிரியும் பெரிதாக இருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும்போது பானையின் அளவை யாரும் கேட்பதில்லை. எல்லாப் பருக்கையும் ஒரே கொதியில் வெந்ததா என்பதே கேள்வி. முழுத்தொகுதி மாதிரியைப் போலப் பல மடங்கு பெரிதாக இருக்கும் வரை, அது பத்து லட்சமா நூறு கோடியா என்பது பிழையின் அளவைக் கிட்டத்தட்ட மாற்றுவதே இல்லை. சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கலால், 400 பேரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சதவீத மதிப்பு ஏறத்தாழ 5 புள்ளிகள் இப்படியோ அப்படியோ விலகலாம். 1,000 பேரானால் 3 புள்ளிகள். 2,500 பேரானால் 2 புள்ளிகள். இவ்வளவுக்குள் அடங்கும் என்ற உறுதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறைதான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிழையைப் பாதியாகக் குறைக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதால், ஓர் எல்லைக்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டுவது பணத்துக்குக் கேடு. அந்தப் பணத்தைப் பதில் தராதவர்களை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அணுகச் செலவிடுவது நல்லது.

பல லட்சம் பேர் கலந்துகொண்ட ஆய்வு ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வைவிட நம்பகமானதுதானே?

இந்தத் துறையில் மிக அதிகமாக ஏமாற்றும் எண்ணம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறத்தாழ ஒரு கோடி வாக்கெடுப்பு அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, வேட்பாளர்களில் ஒருவரான லாண்டன் 57 சதவீத வாக்குகளுடன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளைப் பெற்று, 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். இதைவிட மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு கருத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகச் சொல்லியிருந்தார். தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் முகவரிகளை எடுத்ததே தவறுக்குக் காரணம் என்று பாடநூல்கள் பொதுவாகச் சொல்லும். அது பாதிக் கதைதான். அட்டை பெற்ற அனைவரும் பதில் அனுப்பியிருந்தால் ரூஸ்வெல்ட் வெல்வார் என்ற முடிவாவது சரியாக வந்திருக்கும் என்பதைப் பின்னாளைய பகுப்பாய்வு ஒன்று காட்டியது. பட்டியலில் இருந்த சாய்வைவிட (ஒரு சாராரை மிகுதியாகச் சேர்த்துவிடும் கோணலைவிட), யார் மெனக்கெட்டு அட்டையை நிரப்பி அனுப்பினார்கள் என்பதில் இருந்த சாய்வு பெரிதாக இருந்திருக்கிறது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2021இல் அமெரிக்காவில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் விகிதத்தை அறிய, ஃபேஸ்புக் பயனர்களிடம் வாரந்தோறும் சுமார் இரண்டரை லட்சம் பேர் பதிலளித்த ஓர் ஆய்வு நடந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் அதன் மதிப்பீடு அரசின் பதிவுகளைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. அதே காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட இன்னோர் ஆய்வு உண்மைக்கு மிக அருகில் நின்றது. பெரிய ஆய்வு தன் பிழை வரம்பை மிகமிகக் குறுகலாக அறிவித்ததுதான் இதில் வேடிக்கை. மாதிரி பெருகப் பெருக அறிவிக்கப்படும் பிழை சுருங்கும். சாய்வோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே தவறான விடையின் மீது உறுதி கூடிக்கொண்டே போகும்.

புள்ளியியலாளர் சியாவ்-லி மெங் 2018இல் இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒருவர் பதிலளிப்பதற்கும் அவருடைய பதில் என்ன என்பதற்கும் இடையே (முழுத் தொடர்பை 1 எனக் கொண்டால்) 0.005 என்ற, கண்ணுக்கே தெரியாத அளவு தொடர்பு இருந்தாலே போதும். அமெரிக்க வாக்காளர்களில் ஒரு சதவீதமான சுமார் 23 லட்சம் பேரின் பதில்கள், முறையாகக் குலுக்கித் தேர்ந்த 400 பேரின் பதில்களுக்கு மேல் பயன் தருவதில்லை. எனவே ‘எத்தனை பேர்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘இவர்கள் மாதிரிக்குள் எந்த வழியாக வந்தார்கள், அந்த வழிக்கும் அளக்கப்படும் பொருளுக்கும் தொடர்பு உண்டா’ என்று கேட்க வேண்டும்.

சமவாய்ப்பு என்றால் கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்பதா?

இல்லை, அது வசதி மாதிரி. நடைபாதையில் நின்றுகொண்டு வருவோர் போவோரிடம் கேட்பவர், அவசரமாகப் போகிறவர்களையும் முகம் கொடுக்காதவர்களையும் தம்மையறியாமலே தவிர்த்துவிடுகிறார். ‘இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இன்னின்ன வயதில் இத்தனை பேர்’ என்று ஒதுக்கீடு கொடுத்து அனுப்பினாலும், அந்த ஒதுக்கீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பது கேட்பவரின் கையில்தான் இருக்கிறது. 1948 அமெரிக்கத் தேர்தலில் டூயி வெல்வார் என்று சொல்லி முன்னணிக் கணிப்பாளர்கள் அனைவரும் தோற்றதற்கு இந்த ஒதுக்கீட்டு முறையும், தேர்தலுக்கு வெகுமுன்னரே கேட்பதை நிறுத்திக்கொண்டதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

கேட்டவர்களில் பாதிப் பேர் பதிலே தரவில்லை என்றால் என்ன செய்வது?

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேரிடம் ஒரு சேவையைப் பற்றிக் கேட்டதில் 400 பேர் பதிலளித்தார்கள், அவர்களில் 300 பேர் மனநிறைவு தெரிவித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘75 சதவீதத்தினர் மனநிறைவு’ என்று தலைப்பு வரும். பதில் தராத 600 பேரும் மனக்குறை உள்ளவர்களாக இருந்தால் உண்மையான விகிதம் 30 சதவீதம். அவர்கள் அனைவரும் மனநிறைவுடன் இருந்தால் 90 சதவீதம். தரவு மட்டும் உறுதியாகச் சொல்வது ‘30க்கும் 90க்கும் இடையே’ என்பதைத்தான். இந்த இரு கோடிகளும் நடைமுறையில் அரிதானவை என்பது உண்மையே. ஆனால் 75 என்ற எண், பதில் தராதவர்களும் தந்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்ற சொல்லப்படாத அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதை இந்தக் கணக்கு வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது.

குறைந்த பதில் விகிதம் ஒன்றே ஆய்வைக் கெடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளில் 1997இல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2018இல் 6 சதவீதமாகச் சரிந்தது. ஆனாலும் பல கேள்விகளில் அந்த ஆய்வுகளின் விடைகள் பெரிய அளவில் தடம் புரளவில்லை. தொண்டுப் பணி செய்வோரின் விகிதத்தை மட்டும் அவை மிகையாகவே காட்டின. காரணம் எளிது: முன்பின் தெரியாதவரின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் குணமும் தொண்டு செய்யும் குணமும் சேர்ந்தே இருப்பவை. இதே போல, உடல்நலம் குறித்த ஆய்வில் மிகவும் நோயுற்றவர்களும், வேலைப்பளு குறித்த ஆய்வில் மூச்சுவிட நேரமில்லாதவர்களும்தான் பதில் தராமல் போவார்கள்.

வயது, பாலினம் போன்றவற்றைக் கொண்டு எடையிட்டுச் சரிசெய்துவிட்டோம் என்கிறார்களே?

எடையிடுதல், அதாவது மாதிரியில் குறைவாக உள்ள பிரிவினரின் பதில்களைக் கூட்டியும் மிகுதியாக உள்ளவர்களின் பதில்களைக் குறைத்தும் கணக்கிடுதல், தேவையானதுதான், ஆனால் எதைக் கொண்டு எடையிட்டார்களோ அதில் உள்ள ஏற்றத்தாழ்வை மட்டுமே அது நேராக்கும். 2016 அமெரிக்கத் தேர்தலில் மாநில அளவிலான பல கணிப்புகள் கல்வித் தகுதியைக் கணக்கில் கொண்டு எடையிடவில்லை. பட்டதாரிகள் கூடுதலாகப் பதிலளித்திருந்ததால், அந்தக் கணிப்புகளில் கிளிண்டனின் ஆதரவு மிகையாகத் தெரிந்தது. இளைஞர்கள் குறைவாக வந்தார்கள் என்பதற்காக வந்த சில இளைஞர்களின் பதிலைப் பெருக்கினால், வராத இளைஞர்களும் இவர்களைப் போன்றவர்களே என்று நாமே முடிவுசெய்துவிடுகிறோம்.

‘பிழை வரம்பு 3 சதவீதம்’ என்று போட்டிருந்தால் அதற்கு மேல் தவறு இருக்காது என்று கொள்ளலாமா?

கூடாது. அந்த வரம்பு குலுக்கலால் வரும் பிழையை மட்டுமே சொல்கிறது. பட்டியலில் விடுபட்டவர்கள், பதில் தராதவர்கள், கேள்வி கேட்ட விதம், உண்மையை மறைத்தவர்கள் ஆகிய எதுவும் அதில் அடங்காது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான தேர்தல் கணிப்புகளை உண்மை முடிவுகளுடன் ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நடைமுறையில் நிகழும் பிழை அறிவிக்கப்படும் அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. அறிவிக்கப்பட்ட வரம்பை மனத்துக்குள் இரட்டித்துக்கொள்வது மோசமான பழக்கமன்று.

இன்னும் இரண்டு இடங்களில் வாசகர்கள் வழுக்குகிறார்கள். ஒன்று, இருவருக்கு இடையிலான வித்தியாசம். 1,000 பேர் கொண்ட கணிப்பில் ஒருவருக்கு 48, மற்றவருக்கு 45 என்று வந்தால், அந்த 3 புள்ளி இடைவெளிக்கான பிழை வரம்பு சுமார் 6 புள்ளிகள். யார் முன்னிலை என்று அடித்துச் சொல்ல இதில் இடமில்லை. இன்னொன்று, உட்பிரிவுகள். அதே ஆயிரம் பேரில் முதியவர்கள் 100 பேர் என்றால் அவர்களைப் பற்றிய எண்ணின் பிழை வரம்பு 10 புள்ளிகளுக்கு அருகில் இருக்கும். செய்திகளில் வியப்பூட்டும் தகவல்கள் பெரும்பாலும் இத்தகைய மெலிந்த உட்பிரிவுகளிலிருந்தே முளைக்கின்றன.

ஒரே பகுதியில் பலரைக் கேட்பதால் பாதிப்பு உண்டா?

உண்டு. பக்கத்துப் பக்கத்தில் வாழ்பவர்கள் ஓரளவு ஒத்திருப்பதால், இரண்டாமவரின் பதில் முழுப் புதுத் தகவல் ஆகாது. 20 இடங்களில் இடத்துக்கு 50 பேர் வீதம் 1,000 பேரைக் கேட்டு, ஓர் இடத்தார் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு (முழு ஒற்றுமையை 1 எனக் கொண்டால்) 0.05 ஆக இருந்தால், அந்த ஆயிரம் பேர் தனித்தனியே குலுக்கித் தேர்ந்த சுமார் 290 பேருக்குச் சமம். தடுப்பூசிப் பரவலை அறிய உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் பரிந்துரைத்த முறையில் 30 இடங்களைத் தேர்ந்து, இடத்துக்கு 7 குழந்தைகளை மட்டும் எடுத்ததன் பின்னணி இதுதான். அறிக்கையில் நபர்களின் எண்ணிக்கையோடு இடங்களின் எண்ணிக்கையையும் தேடிப் பாருங்கள்.

கட்டுப்படுத்திய சோதனையில் நிறுவப்பட்ட முடிவு எல்லோருக்கும் பொருந்தும்தானே?

இரண்டு வேறு குலுக்கல்கள் இங்கே ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. ஆய்வுக்கு வந்தவர்களில் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று குலுக்குவது, விளைவுக்கு மருந்துதான் காரணமா என்பதை நிறுவுகிறது. ஆய்வுக்கே யாரை அழைப்பது என்று குலுக்குவது வேறு. பெரும்பாலான மருத்துவச் சோதனைகளில் அது நடப்பதில்லை, தாமே முன்வந்தவர்களும் நிபந்தனைகளைக் கடந்தவர்களும்தான் அங்கே இருக்கிறார்கள். ஆகவே ‘இவர்களிடம் இந்த மருந்து வேலை செய்தது’ என்பது உறுதியாகவும், ‘மற்றவர்களிடமும் இதே அளவு வேலை செய்யும்’ என்பது ஐயத்துக்குரியதாகவும் ஒரே ஆய்வில் இருக்க முடியும்.

தூக்கத்துக்குத் தரப்படும் ஜோல்பிடெம் மருந்து இதற்கு நல்ல சான்று. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுவதால் மறுநாள் காலையிலும் வாகனம் ஓட்டத் தடையாகும் அளவுக்குத் தங்கிவிடுகிறது என்பதைக் கருதி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் பெண்களுக்கான பரிந்துரை அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் செய்தது. மருந்து அதற்கு முன்பே பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது.

உளவியலில் இந்தக் குறை இன்னும் ஆழமானது. ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் ஆகியோர் 2010இல் சுட்டிக்காட்டியபடி, உளவியல் ஆய்வு மாதிரிகளில் 96 சதவீதம் உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே கொண்ட நாடுகளிலிருந்து வந்தவை. அவற்றிலும் பல்கலைக்கழக மாணவர்களே மிகுதி. முனைகளில் அம்புக்குறிகள் கொண்ட, ஒரே நீளமுள்ள இரு கோடுகளில் ஒன்று நீளமாகத் தோன்றும் முல்லர்-லையர் தோற்றப்பிழை எல்லா மனிதக் கண்களுக்கும் பொதுவானது என்றே நினைக்கப்பட்டது. பல சமூகங்களில் சோதித்தபோது, அமெரிக்க மாணவர்கள் அதற்கு மிக அதிகமாக ஆட்பட்டார்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும் சான் மக்களிடம் அது ஏறக்குறைய இல்லவே இல்லை.

அப்படியானால் பிரதிநிதித்துவம் இல்லாத மாதிரி பயனற்றதா?

அப்படிச் சொல்வதும் மிகை. 1951இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களை மட்டும் பின்தொடரத் தொடங்கினார்கள். சுமார் 40,000 பேர் அதில் சேர்ந்தார்கள். மருத்துவர்கள் பொதுமக்களின் பிரதிநிதிகள் அல்லர். ஆயினும் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அந்த ஆய்வு உலகம் முழுவதற்கும் உரியதாக நிலைநாட்டியது. புகை நுரையீரல் திசுவைத் தாக்கும் விதம் தொழிலைப் பொறுத்து மாறும் என்று கருத எந்தக் காரணமும் இல்லை. ‘எத்தனை பேர் புகைபிடிக்கிறார்கள்’ என்ற கேள்விக்கு அதே மாதிரி முற்றிலும் தகுதியற்றது. விகிதங்களைச் சொல்லும் ஆய்வுக்குப் பிரதிநிதித்துவம் இன்றியமையாதது. காரணகாரியத்தைச் சொல்லும் ஆய்வில், அந்தக் காரணம் செயல்படும் விதம் ஆளுக்கு ஆள் மாறக்கூடியதா என்று பார்க்க வேண்டும். உடலுக்குள் நிகழ்வதைவிடப் பழக்கவழக்கம், சட்டம், வருமானம் சார்ந்தவை எளிதில் மாறுபவை என்பது என் கணிப்பு. ஜோல்பிடெம் போன்ற விலக்குகள் அதற்கும் உண்டு.

ஒரு பகுதியின் சராசரி, அங்கே வாழும் தனிநபருக்குப் பொருந்துமா?

பொருந்தாமல் தலைகீழாகவும் போகலாம். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பை ஆராய்ந்த டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. தனிநபர்களாகப் பார்த்தபோது வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களிலேயே அவர்கள் குடியேறியிருந்தார்கள் என்பதே விடை.

ஒருவருக்குக்கூடப் பக்கவிளைவு வரவில்லை என்றால் அது பாதுகாப்பானது என்றுதானே பொருள்?

300 பேரிடம் சோதித்து ஒருவருக்கும் வரவில்லை என்றால், 3ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்: நூற்றில் ஒருவருக்கு மேல் வராது என்பதை மட்டுமே அந்த ஆய்வால் 95 சதவீத உறுதியுடன் சொல்ல முடியும் என்று விளங்கும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கேட்டை இல்லையென்று சொல்லச் சுமார் 30,000 பேர் வேண்டும். அதனால்தான் அரிய பக்கவிளைவுகள் மருந்து சந்தைக்கு வந்த பிறகே தலைகாட்டுகின்றன.

ஓர் ஆய்வு போதுமா, பல ஆய்வுகள் வேண்டுமா?

முன்னணி உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த கூட்டு முயற்சியின் முடிவு 2015இல் வெளியானது. முதலில் 97 சதவீத ஆய்வுகள் புள்ளியியல் முறையில் குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, விளைவைக் காட்டியிருந்தன. மறுமுறை அப்படிக் காட்டியவை 36 சதவீதம் மட்டுமே. சிறிய மாதிரியில் பெரிய விளைவு தெரிந்ததாகச் சொல்லும் தனி ஆய்வை, இன்னொரு குழு வேறு மக்களிடம் செய்து பார்க்கும் வரை நிறுத்திவைத்துப் படிப்பதே சரி. இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தின் பயிர்ப்பரப்பு ஆய்வுகளில் கையாண்ட உத்தி ஒன்று இங்கே நினைக்கத் தக்கது: ஒரே பகுதிக்குத் தனித்தனியாகத் தேர்ந்த இரு மாதிரிகளை எடுத்து வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்துவிடுவார். இரு குழுக்களின் விடைகளும் எவ்வளவு விலகுகின்றனவோ, குறைந்தது அவ்வளவு ஐயம் அந்த எண்ணில் இருக்கிறது என்பதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் காணலாம்.

மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்றே அறிக்கை சொல்லவில்லை என்றால்?

முதலில் மூல அறிக்கையைத் தேடுங்கள். செய்தியில் விடுபட்டது அதன் பின்னிணைப்பில் இருக்கக்கூடும். யார் பணம் கொடுத்தார்கள், எந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தார்கள், எத்தனை பேரை அணுகி எத்தனை பேர் பதிலளித்தார்கள், எந்த நாள்களில் கேட்டார்கள், கேள்வியின் சொற்கள் என்ன என்பவை அங்கேயும் இல்லையென்றால், அந்த எண்ணைப் பதிலளித்தவர்களைப் பற்றிய எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘மக்களில் 68 சதவீதத்தினர்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ‘பதிலளித்தவர்களில் 68 சதவீதத்தினர்’ என்று மாற்றிப் படித்தால் போதும். அந்தத் தலைப்புக்கு அதற்கு மேல் சொல்ல உரிமை இருந்ததா என்பது உடனே தெரிந்துவிடும்.